ஓட்டுத்தூள் கிடந்த மண்

என் அண்ணன் செத்த ஆண்டை மாற்றி எழுதியவர் என் பல்கலைக்கழக விரிவுரையாளர் கலாநிதி நிரஞ்சன். தெரியாமல் செய்த பிழை என்றால் விட்டிருப்பேன். நான் போய்ச் சொன்ன பிறகும் மாற்றித்தான் எழுதினார். அதனால் அவரைத் தனி அறைக்குள் வைத்துக் கேட்பதில்லை, சனம் நிறைந்த மண்டபத்தில் வைத்துத்தான் கேட்பது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஊர் புளியமுனை. முல்லைத்தீவுக் கரையில் ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு என்கிற உவர்நீர் ஏரி, நடுவில் நாங்கள். அப்பா இராயப்பு களப்பில் கழி நட்டுச் சிறகுவலை கட்டுகிறவர். கடற்றொழிலாளர் சங்கத் தலைவரும் அவர்தான். அம்மா மதலேனா. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே மற்றப் பிள்ளைகளுக்கு எந்த விரிவுரையாளர் எப்படி என்று சொல்லிக்கொடுக்க அக்கா, அண்ணா, மாமா என்று ஆட்கள் இருந்தார்கள். எனக்கு ஒருவரும் இல்லை. ஆகவே நிரஞ்சன் சேரை நான் நம்பினேன்.

இறுதி வருட ஆய்வுக்கு அவர்தான் எனக்கு மேற்பார்வையாளர். களப்பின் அடிச்சேற்றை வைத்துக்கொண்டு, கடந்த அறுபது எழுபது வருடத்தில் அங்கே மீன் எப்போது பெருகியது, எப்போது குறைந்தது, அதற்கு மழையும் வறட்சியும் எவ்வளவு காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

சேறு வருடா வருடம் படிகிறது. மாரி வெள்ளம் கொண்டுவருகிற களி பழுப்பு நிறம். மழை பொய்த்த வருடத்தில் களப்பு வற்றி, வெள்ளை நூல் இழுத்தது போல உப்புக்கோடு ஒன்று விழும். கடல் உள்ளே பாய்ந்த வருடத்தில் மணல் அடுக்கு. இவற்றுக்கு நடுவே கெளிற்று மீனின் காதுக்கல் கிடக்கும். எங்கள் ஊரில் தலைக்கல் என்போம். மீன் செத்து, முள்ளும் கரைந்து போனாலும் அந்தக் கல் கரையாது. மரத்தில் இருக்கிற வளையம் போல அதிலும் வளையம் உண்டு. நல்ல மாரியில் அகலம், வறட்சியில் ஒடுக்கம். அடுக்கடுக்காகச் சேற்றை அரித்துக் கல்லைப் பொறுக்கினால் களப்பு தன் கதையைத் தானே சொல்லும்.

ஒரு குழாய்ச் சேற்றில் கல் போதாது. அதனால் அகலமான பிவிசி குழாய்களைக் களப்பில் பல இடங்களில் இறக்கினோம். தோணி அப்பாவுடையது. குழாயை அடித்து இறக்கியவர்கள் எங்கள் ஊர் ஆட்கள். அம்மா நண்டுக்கறி வைத்தா. நிரஞ்சன் சேர் எங்கள் குசினிக்குள் பலகைக்கட்டையில் இருந்து, இப்படி ஒரு கறி கொழும்பில் கிடையாது என்று இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அப்பா அன்றைக்கு அவரைப் பற்றி ஊரெல்லாம் நல்லதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குழாய்களை நீளப்பாட்டுக்குப் பிளந்தபோது எல்லாவற்றிலும் இரண்டு மணல் அடுக்குகள் இருந்தன. கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழிருந்து மேல் மணல் வரைக்கும், அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்துக்கும் தலைக்கற்கள் நிறையக் கிடந்தன. அதற்குப் பிறகு துடைத்துவிட்டாற்போல இல்லாமல் போயின. மணல்களுக்கு நடுவிலும் சேற்றின் மேல்பக்கத்திலும் நண்டு துளைத்து அடுக்குகளைக் கலக்கியிருந்ததால் வருடத்தை எண்ணிப் பார்க்கவும் முடியாது. கதிரியக்க முறையில் ஆண்டு பார்க்கத் திட்டத்தில் காசில்லை. ஆகவே அந்த மணல் அடுக்குகள் எந்த ஆண்டு என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது.

மேல் மணல் 2004 சுனாமி, கீழ் மணல் அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் என்றார் சேர். அப்படி வைத்தால் சுனாமிக்குச் சில வருடங்களுக்குள்ளேயே மீன் குறையத் தொடங்கிவிட்டது. நான் கீழ் மணலை நுணுக்குக்காட்டிக்குள் வைத்தேன். அதில் மேல் மணலில் இல்லாத சிவப்புத் துணிக்கைகள் இருந்தன. கண்ணாலேயே பார்க்கலாம், விரலால் தேய்த்தால் நிறம் ஒட்டும். ஓடு.

எங்கள் ஊரில் அறுபத்து நாலில் ஓட்டு வீடு கிடையாது. முழுக்கத் தென்னோலைக் கிடுகு. சமாதான காலத்தில் வீட்டுத்திட்டம் ஒன்று வந்துதான் ஓடு வந்தது. ஓட்டுக்குக் கீழே நாங்கள் ஒரு மாரி இருந்தோம். அடுத்த மார்கழியில் அலை வந்து வீடுகளை அப்படியே வழித்துக் களப்புக்குள் கொண்டுபோய்ப் போட்டது. எனக்கு அப்போது நாலு வயது, அம்மாவின் இடுப்பில் இருந்தேன். அண்ணன் டினோஜனுக்கு ஏழு வயது. நத்தார்ப் பண்டிகை உடுப்பை மாற்றமாட்டேன் என்று அடம்பிடித்து வீட்டுக்குள் இருந்தான். அவனைக் களப்புப் பக்கத்தில்தான் எடுத்தார்கள்.

துணிக்கையைச் சேருக்குக் காட்டினேன். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, ஓடு மாதிரித்தான் இருக்கிறது, நல்ல கண் உங்களுக்கு என்றார். அடுத்த கிழமை போனபோது ஆள் மாறியிருந்தார்.

“செங்கல், ஓடு எல்லாம் எந்தக் காலத்திலயும் இருக்கும், ஆன்சலா. உங்களுக்கு அந்த அலையோட ஒரு உணர்ச்சி இருக்கு. அதை விஞ்ஞானத்துக்குள்ள கொண்டு வராதேங்கோ.”

“சேர், எங்கட அண்ணன் செத்த மண் அது.”

“அதைத்தான் சொல்லுறன்,” என்றார்.

அந்த ஒரு கிழமைக்குள் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. களப்பு வாயருகே 2015 இல் ஒரு இறால் பண்ணை வந்தது. தண்ணீர் எடுப்பதற்காக வாய்க்காலை ஒடுக்கி அணை போட்டுக்கொண்டது. அந்தப் பண்ணை இப்போது மிச்ச வாய்க்காலையும் குத்தகைக்குக் கேட்கிறது. அதற்கான சுற்றாடல் அறிக்கையை எழுதச் சேரைப் பிடித்திருந்தார்கள். நான் பொறுக்கிய கற்கள், நான் எண்ணிய வளையங்கள், நான் கீறிய வரைபடம் எல்லாம் அந்த அறிக்கைக்குள் இருந்தன. என் பெயர் இல்லை. மீன் குறைந்தது பண்ணைக்குப் பல வருடம் முன்பே. காரணம் இயற்கையான வறட்சிச் சுற்றும் உள்ளூர்ச் சிறகுவலைகளும். ஆகவே வலையைத் தடைசெய்யலாம், வாய்க்காலைக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று முடித்திருந்தார். கொடுத்தால் அப்பாவுக்கும் எங்கள் ஊருக்கும் களப்பில் வலை கட்ட ஒரு அங்குலம் மிஞ்சாது.

சனம் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டிருந்த அறிக்கையைத் தண்ணீரூற்றுச் சந்தியில் ஒரு தொடர்பாடல் கடையில் அச்செடுத்துப் படித்தேன். கடைக்காரப் பொடியன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையைத் தள்ளிவிட்டான். நான் இருக்கவில்லை.

பீடாதிபதிக்கு முறைப்பாடு எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன நடக்கும்? ஒரு குழு, ஒரு கூட்டம், ஒரு தேநீர். ‘பிள்ளை தவறாக விளங்கிக்கொண்டுள்ளார்’ என்று ஒரு வரி. எனக்கு அது வேண்டாம். அவர் எழுந்து நின்று, மேல் மணல் சுனாமி என்று தன் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சனம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்க வேண்டும்.

பிரதேச செயலக மண்டபத்தில் பகிரங்க விசாரணை என்று அறிவித்தார்கள். இரண்டு நாளில் சேரிடமிருந்து செய்தி வந்தது. நானும் வந்து மடிக்கணினியைப் பார்த்துக்கொள்ளட்டாம், ஊர்ப்பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்றால் சனம் குழப்பாதாம். என்னைக் காவல் பொம்மையாக வைக்கப் பார்த்தார். ‘ஓம் சேர்’ என்று அனுப்பினேன். அந்த இரண்டு சொல்லை எழுதியபோது இருந்த சந்தோசம் பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட இருக்கவில்லை.

ஆனால் ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. கீழ் மணல் சுனாமி என்றால் மேல் மணல் எது?

அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

களப்பு கடலோடு சேருகிற வாயைத் தொடுவாய் என்போம். கோடையில் மணல் அதை மூடிவிடும். மாரியில் களப்பு நிரம்பி, கடலைவிட உயர்ந்து நிற்கும்போது ஊரே கூடி மண்வெட்டியால் ஒரு கால்வாய் வெட்டிவிட்டால் போதும். உள்தண்ணீர் மிச்சத்தைத் தானே அறுத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். பிறகு அந்த வழியால் மீன்குஞ்சு உள்ளே வரும். எப்போது வெட்டுவது என்று சொல்கிறவர் சவிரிமுத்து. அவர் 2009 இல் செத்துப்போனார். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த ஊருக்கு அவர் வழக்கமாகச் சொல்கிற நாள் மட்டும் நினைவிருந்தது: சவேரியார் திருநாளுக்கு மறுநாள். அவர் பார்த்தது நாளை இல்லை, தண்ணீரை. அந்த நேரத்துக்குள் மாரி களப்பை நிரப்பிவிடுவதால் இரண்டும் பொருந்தி வந்தன, அவ்வளவுதான். 2012 இல் மழை பிந்தியது. களப்பு அரைவாசிகூட நிரம்பவில்லை. சவேரியாருக்கு மறுநாள் பூசை முடிந்து ஊர் மண்வெட்டியோடு போனது. அப்பாதான் தலைவர். வெட்டினார்கள். களப்பு வெளியே போகவில்லை. கடல் உள்ளே வந்தது.

வந்த கடல் களப்போடு நிற்கவில்லை. களப்பின் மேற்குத் தலையில் ஒரு குடியேற்றக் கிராமம் இருக்கிறது. எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிய ஆட்கள். முழங்கால் உயரத்தில் நின்ற அவர்களுடைய காலபோக நெற்பயிருக்குள் உப்புத்தண்ணீர் ஏறியது. பள்ளக்காணிகள் அதற்குப் பிறகு விளையவே இல்லை. வீரபாகுவும் கமலேஸ்வரியும் அப்படி வயலை இழந்த குடும்பம். பிள்ளைகள் கிளிநொச்சிப் பக்கம் வேலைக்குப் போக, வீரபாகு அந்த இறால் பண்ணையிலேயே தொட்டி கழுவப் போனார்.

அனுமதியில்லாமல் வெட்டியது குற்றம். அதனால் கடல் தானாக உடைத்துக்கொண்டு வந்தது என்று எங்கள் ஊர் ஒரே வாயாகச் சொன்னது. குடியேற்றச் சனமும் நம்பியது. கடலோடு யார் வழக்காடுவது?

மண்டபத்தில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

“அந்தாளை விழுத்தப் போய் அப்பாவை விழுத்தப் போறாய்,” என்றா.

அப்பா வலைக்கண் முடிந்துகொண்டே, கடல் தானாக வந்தது என்று அங்கேயும் சொல்லேன் என்றார். அது எடுபடாது என்றேன். வானிலைப் பதிவு முழுக்கச் சேரிடம் இருக்கிறது. அந்த மார்கழியில் எங்கள் கரையில் கடல் பொங்கியதாக ஒரு வரி இல்லை. தானாக வந்தது என்றால், பொய், அது சுனாமி மணல்தான் என்று என்னை இருத்திவிடுவார். மண்வெட்டி என்று சொன்னால் மட்டும்தான் அந்த மணலுக்குக் காரணம் இருக்கிறது. அதுவும் வெட்டின ஆள் சொன்னால்தான். நான் சொன்னால் அது ஒரு பெட்டையின் கோபம்.

அப்பா முடிச்சை இழுத்து இறுக்கினார்.

“அப்ப வீரபாகுவின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?”

“பன்னிரண்டு வருசமா முழிச்சுக்கொண்டுதானே இருக்கிறியள்.”

அம்மா கத்தியைக் கீழே வைத்தா. நான் சொன்ன சொல்லை நான் திருப்பி எடுக்கவில்லை. அப்பா எழுந்து கரைக்குப் போனார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் அவரிடம் அனுமதி கேட்கவும் இல்லை.

விசாரணை அன்று மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் ஊர் ஒரு பக்கம், குடியேற்றச் சனம் மறுபக்கம். பண்ணை நீட்டப்பட்டால் இன்னும் நாலு பேருக்கு வேலை வரும் என்று அவர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். வீரபாகு பண்ணைச் சேட்டோடு இருந்தார். அப்பா கடைசி வரிசையில் வந்து இருந்தார். தலைமை வகித்தவ சுமித்திரா என்ற அதிகாரி; மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போடுகிற, அதிகம் சிரிக்காத மனிசி.

நிரஞ்சன் சேர் நன்றாகப் பேசினார். அதில் குறை சொல்ல முடியாது. சேறு எப்படிப் படிகிறது, கல் எப்படிப் பேசுகிறது என்று நான் ஆய்வேட்டில் எழுதிய வசனங்களையே அழகாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று படத்தை மாற்றினேன். எங்கள் ஊர் அந்திரேசு அண்ணை நடுவில் எழும்பி, அந்தக் குழாய்க்குள் எங்கள் வலைக்கண் தெரிந்ததோ டொக்டர் என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. சேரும் சிரித்தார். பெருந்தன்மை.

பிறகு பிளந்த குழாயின் படம் வந்தது. அவர் சிவப்பு ஒளிப்புள்ளியை மேல் மணலில் வைத்தார்.

“இது 2004. இதில சந்தேகத்துக்கு இடமே இல்லை. கீழ இருக்கிறது அறுபத்து நாலு.”

நான் அடுத்த படத்துக்குப் போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார். மாற்றுங்கோ என்று கையைக் காட்டினார். நான் மடிக்கணினியை விட்டு முன்னுக்கு வந்தேன்.

“சேர், மேல் மணல் சுனாமி எண்டால், அதுக்குள்ள எங்கட வீட்டு ஓடு ஏன் இல்லை?”

எங்கள் பக்கத்தில் தலைகள் நிமிர்ந்தன. எங்கள் ஊரில் அலை வீட்டை எப்படிக் கொண்டுபோனது என்று தெரியாத ஆள் கிடையாது. நான் சுமித்திரா அம்மா பக்கம் திரும்பி, ஓட்டுத்தூள் கீழ் மணலில்தான் கிடக்கிறது, அறுபத்து நாலில் எங்கள் ஊரில் ஓட்டு வீடே கிடையாது, வேண்டுமானால் இங்கே இருக்கிற யாரையும் கேளுங்கோ என்றேன். பின்வரிசைகளில் பெண்கள் ஓம் ஓம் என்றார்கள். ஒருத்தி அழத் தொடங்கிவிட்டா. நான் அழவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் காது சிவந்தது, பிறகு கழுத்து.

ஆனால் அவர் விழவில்லை. இருபது வருடம் மேடையில் நின்ற ஆள்.

“ஆன்சலா என்ர மாணவி. நல்ல பிள்ளை. அவவின்ர குடும்பத்தில அண்டைக்கு ஒரு இழப்பு. எங்களுக்கு விளங்குது,” என்றார் சபையைப் பார்த்து. “சரி, மேல இருக்கிறது சுனாமி இல்லை எண்டு வைப்பம். அதுக்குப் பிறகு இந்தக் கரையில கடல் பொங்கினதா ஒரு பதிவும் இல்லை. அப்ப இவ்வளவு மணலையும் ஆர் கொண்டந்து போட்டது? சொல்லுங்கோ பிள்ளை.”

அவருக்கு அது பொறி. எனக்கும் அதுதான் பொறி. கடைசி வரிசையைப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்திருந்தார். மறுபக்கத்தில் கமலேஸ்வரி அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தா. அந்த இடத்தில் பேசாமல் விட்டிருக்கலாம். ஓட்டைச் சொன்னதே போதும், ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது என்று இறங்கியிருக்கலாம். எனக்குச் சந்தேகம் போதாது. எனக்கு அவர் வேண்டும்.

“நாங்கள் கொண்டந்தது,” என்றேன். “2012 மார்கழி. தொடுவாயை எங்கட ஊர் வெட்டினது. முதல் மண் வெட்டினது எங்கட அப்பா.”

எங்கள் பக்கத்திலிருந்து கூச்சல் வந்தது. படிச்ச கொழுப்பு, தேப்பனை விக்கிறாள் என்று. சுமித்திரா அம்மா மேசையில் தட்டினா. இது உண்மையா என்று சங்கத் தலைவரைக் கேட்டா.

அப்பா எழும்பினார். சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார்.

“ஓம் அம்மா. சவேரியாருக்கு அடுத்த நாள். களப்பில தண்ணி காணாது எண்டு எனக்குத் தெரிஞ்சது. எல்லாரும் மண்வெட்டியோட வந்து நிக்கினம். திரும்பிப் போங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. வெட்டினன். கால் நனையிறதுக்குள்ள கடல் என்னைத் தாண்டி உள்ளுக்க போட்டுது.” குடியேற்றப் பக்கம் திரும்பினார். “தானா உடைச்சது எண்டு உங்களுக்குச் சொன்னது பொய்.”

நிரஞ்சன் சேர் உடனே பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் களப்பை அழித்தது தாங்கள்தான் என்று இவர்களே ஒப்புக்கொள்கிறார்களே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கையை விரித்தார். நான் அதற்குத்தான் காத்திருந்தேன்.

“மணலுக்கு மேலயும் கல் நிறையக் கிடக்குது சேர். நீங்கள் எண்ணேல்லை, நான்தான் எண்ணினனான். கடல் வந்தும் மீன் சாகேல்லை. இன்னும் மூண்டு மாரியின்ர களி மேல போகும் வரைக்கும் மீன் இருந்தது. 2012 ஓட மூண்டைக் கூட்டுங்கோ. அந்த வருசம் வாய்க்காலை ஒடுக்கினது ஆர்?” ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “வறட்சிக்கோடு அதுக்கும் மேலதான் வருது. கீழ எத்தனையோ வறட்சிக்கோடு கிடக்குது, அதில ஒண்டிலயும் மீன் இப்பிடிக் குறையேல்லை. வளையம் ஒடுங்கினது, ஆனா மீன் இருந்தது.”

சுமித்திரா அம்மா கண்ணாடியைக் கழற்றினா. இந்த ஓட்டுத்தூளைப் பற்றி இந்தப் பிள்ளை உங்களுக்கு முதலே சொன்னவவோ என்று கேட்டா. இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். ஆனால் ஒரு மாணவி கண்டது தனக்குத் தெரியாமல் போனது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“சொன்னவா. நான் அதைப் பெருசா எடுக்கேல்லை.”

“அறிக்கையில ஒரு அடிக்குறிப்புக்கூட இல்லையே, டொக்டர்.”

அவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். மூடி திறபடவில்லை. நான் அதை வாங்கித் திறந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். என் வாழ்க்கையில் அதைவிட ருசியாக நான் ஒன்றையும் பார்த்ததில்லை.

அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது. சேற்று மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பி ஆண்டு பார்க்கச் சொன்னார்கள், குத்தகை நிறுத்திவைக்கப்பட்டது. சில மாதம் கழித்து முடிவு வந்தது. கீழ் மணல் 2004 ஐ ஒட்டி. மேல் மணல் அதற்குப் பல வருடம் பிந்தியது. நிரஞ்சன் சேருக்கு இப்போது ஒருவரும் ஆலோசனை வேலை கொடுப்பதில்லை என்று கேள்வி. திருத்திய அறிக்கையை எழுதிய குழு என்னையும் சேர்த்துக்கொண்டது. மேல் மணலுக்கு ‘மனிதத் தலையீடு’ என்று போடலாமா, உங்கள் தகப்பனாருக்கும் அது நல்லது என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ‘புளியமுனை மீனவர் தொடுவாயை வெட்டியதால் வந்த மணல், 2012’ என்று போட வைத்தேன். ஒரு ஆண்டை மறைத்தவரை விழுத்திவிட்டு இன்னொரு ஆண்டை நான் மறைப்பதா?

ஆனால் அன்றைக்கு மண்டபத்துக்கு வெளியே இன்னொன்று நடந்தது. நானும் அப்பாவும் மோட்டார்சைக்கிளடிக்கு வந்தபோது கமலேஸ்வரி அக்கா அங்கே நின்றா. பின்னால் வீரபாகு, பண்ணைச் சேட்டின் பையைப் பிடித்துக்கொண்டு.

“உங்கப்பன் மம்பட்டியால வெட்டுனாரு, எங்க வயலு போச்சு. நீ வாயால வெட்டுன, இவரு வேலையும் போகப்போகுது,” என்றா. “இம்புட்டு வருசம் தெரிஞ்சுகிட்டுத்தானே இருந்த. ஒனக்கு ஒருத்தன விழுத்தணும்னு வந்தப்பதான் ஒனக்கு உண்மை ஞாபகம் வந்துச்சா?”

“ஓம்,” என்றேன்.

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. பொய்யாவது சொல்லாமல் இருக்கிறாளே என்பது போலவும் இருந்தது, அறையலாமா என்று யோசித்தது போலவும் இருந்தது. பிறகு அப்பாவிடம் திரும்பி, வழக்குப் போடத்தான் போகிறேன் என்றா.

அவ போட்ட வழக்கு, ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற இணக்கசபைக்குப் போனது. சாட்சி நான். என் அப்பா செய்ததை என் அப்பாவுக்கு எதிராகச் சொன்னேன். அப்பா சங்கத் தலைவர் பதவியை விட்டார். விடவில்லை என்றாலும் பறித்திருப்பார்கள். எங்கள் ஊரில் பாதிப்பேர் எங்களோடு கதைப்பதில்லை. களப்பில் வலை கட்ட அவர்களுக்கு இடம் மிஞ்சியதற்கு நான்தான் காரணம் என்பதையும் அவர்கள் கதைப்பதில்லை. நட்டஈடு என்று சபையில் பேச்சு வந்தபோது கமலேஸ்வரி அக்கா கையை ஆட்டித் தடுத்தா. காசு கொடுத்துவிட்டு இவர் போய்ப் படுத்துவிடுவார், எனக்கு அது வேண்டாம் என்றா. உப்பை ஏற்றினவர்தான் வந்து இறக்க வேண்டும், அந்தக் காணியில் ஒரு போகம் நெல் விளைத்துக் காட்டட்டும் என்றா. கடற்கரை மனிசனை வயலில் இறக்கிக் கூத்துப் பார்க்கப்போகிறா என்று ஊரில் சிரித்தார்கள். அவவுக்கும் அதுதான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பழிவாங்குகிற ஆளை இன்னொரு பழிவாங்குகிற ஆளுக்குத் தெரியாதா?

அப்பா ஓம் என்றார்.

இந்த மாரி தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு நாளும் போகிறோம். உவர் மண்ணை மழைத்தண்ணீரால்தான் கழுவ வேண்டும். குறுக்கே வாய்க்கால் வெட்டி, தண்ணீரைக் கட்டி, உப்பு கரைந்ததும் திறந்துவிட வேண்டும். அது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் சேறு புத்தகத்தில் இருக்கிற மாதிரி இல்லை. அப்பாவுக்கு வரம்பு கட்டத் தெரியவில்லை. கட்டுகிற வரம்பெல்லாம் அடுத்த மழையோடு போகிறது. கை கொப்பளித்து உடைந்திருக்கிறது. வீரபாகு பண்ணைக்குப் போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போவார். கமலேஸ்வரி அக்கா மட்டும் பாலை மரத்துக்குக் கீழே கவிட்டு வைத்த வாளியில் இருந்து, நாங்கள் வந்ததிலிருந்து போகிற வரைக்கும் பார்ப்பா. தேத்தண்ணி கிடையாது. கதை கிடையாது.

நான் அவவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவவும் கேட்கச் சொல்லவில்லை. நிரஞ்சன் சேரை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளே எரிகிறது. அந்தத் தண்ணீர்ப் போத்தலை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. அப்பா குனிந்து வெட்டுவதைப் பார்க்கும்போது மட்டும் அந்த இரண்டும் வாயில் நிற்பதில்லை.

நேற்று மழை விட்டதும் காணியின் ஒரு மூலை பழுப்பாக, உண்மையான களி நிறத்தில் வெளித்திருந்தது. அப்பா அதைப் பார்த்து நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கமலேஸ்வரி அக்காவின் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்லுவா என்று நினைத்தார் போல.

அவ வாளியில் இருந்தபடியே கையை நீட்டி மற்ற மூலையைக் காட்டினா.

“அங்கிட்டு இன்னும் வெள்ளையாத்தான் கெடக்கு.”

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனார். நான் பின்னால் போனேன்.